எத்தினி கூண்டு ஏத்தியிருக்கான்?

கடலூர் முதுநகர்,
அக்டோபர் 14.

அன்புள்ள அற்புதம்,

உன் கடிதம் ஆடியில் வந்தது. இதோ ஐப்பசி பிறக்கப் போகிறது. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்கு எழுதிவிடலாம் என்று நினைப்பேன், அப்படியே போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. சின்னவன் காலாண்டில் கணக்கில் தேறிவிட்டான். லூர்து மாமா இன்னமும் அதே சைக்கிளில்தான் வருகிறார், தெருமுனையிலேயே மணி கேட்கிறது. நீ நைட் டியூட்டி மாற்றிக் கேட்டாயே, கிடைத்ததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை இரவு நம் கோயில் பங்கு மண்டபத்தில் 46 பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடிய விடிய ஒரு புயல் ஒத்திகை நடத்தினோம். மூன்று நாளாகிறது, எனக்கு இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை. உன்னிடம் சொல்லாமல் தீராது.

போன வருஷம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதுதான் இந்த எண்ணமே வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. நமக்கு அந்த இரவு எப்படியோ கழிந்தது. காற்று நின்று, மழை விட்டு, எல்லாரும் வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்த பிறகுதான் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். மேலே வெயில், கீழே வெள்ளம். நம் மண்டபத்துக்கு நூற்றைம்பது பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். இளைஞர் இயக்கப் பிள்ளைகள் ஓடி ஓடிச் சோறு போட்டார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் யார் எத்தனை பேர், யாருக்கு என்ன மருந்து, குடிதண்ணீர் எது, கழுவுகிற தண்ணீர் எது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் கேனில் இருந்த குடிதண்ணீரில் சேற்றுக்கால் கழுவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குழுவில் மூத்தவனுக்கே 19 வயது. ஒருத்தர்கூட சுனாமியைப் பார்த்ததில்லை, அற்புதம். நமக்கு அப்போது பதினேழு. அது ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இரண்டாம் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் என்று நமக்கு ஒவ்வொரு ஊர்ப் பெயரும் வேறு மாதிரி கேட்கும். இவர்களுக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவை கடலில் பால் ஊற்றும் நாள், அவ்வளவுதான். மண்டபத்து வாசலில் நீயும் நானும் அந்தச் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தோமே, அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஃபாதர் முதலில் சுனாமி ஒத்திகை என்றுதான் சொன்னார். வேண்டாம் ஃபாதர், என்னால் முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. புயல் என்று முடிவானது.

ஒரு மாதம் வேலை பார்த்தோம். பெற்றோர் கையெழுத்து போட்ட சீட்டு, பெண்பிள்ளைகள் படுக்க மாடி, கூடவே இரண்டு சிஸ்டர்கள், காவல் நிலையத்துக்குத் தகவல், சுற்றியுள்ள நாலு தெருவிலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னது, எல்லாம் ஆனது. மணி மட்டும் எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது என்று உபதேசியாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நடு இரவில் கோயில் மணி கேட்டால் நம் ஊரில் எத்தனை பேருக்கு நெஞ்சு நின்றுபோகும், உனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மெயினை அணைத்தோம். செல்போன்களையெல்லாம் அந்தப் பழைய பித்தளை அண்டாவில் போட்டு மூடினோம். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு: நீ எட்டு மாதக் கர்ப்பிணி, உனக்கு ஆஸ்துமா, உனக்குக் காது கேட்காது, நீ ஊருக்குப் புதிது, தமிழ் தெரியாது, இப்படி. மணிக்கு ஒரு உறை பிரிப்போம். அதில் அடுத்து என்ன நடந்தது என்று எழுதியிருக்கும்.

முதல் வேலையாகத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடச் சொன்னேன். நிவாரண முகாமில் ஓர் ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டராவது இடம் வேண்டும் என்று உலக அளவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் மண்டபம் அறுபதுக்கு முப்பது அடி. போட்டுப் பார்த்தால் 47 கட்டம்தான் வந்தது. "அக்கா, போன டிசம்பர்ல இங்க நூத்தம்பது பேர் இருந்தாங்களே" என்று ஒரு பெண் கேட்டாள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் அப்படியே நின்றார்கள். கழிப்பறையும் அப்படித்தான். 20 பேருக்கு ஒன்று என்று கணக்கு, நம்மிடம் இருப்பது இரண்டு. அதிலும் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. அது நம் காலத்திலேயே இல்லை, இல்லையா?

தண்ணீர், ஆளுக்கு மூன்று லிட்டர் கணக்கில் ஒரு டிரம் நிரப்பி வைத்தோம். பையன்கள் வியர்க்கிறது என்று முகம் கழுவியே பத்தரைக்குள் பாதியைக் காலி செய்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பதினொன்றரைக்கு டிரம் காய்ந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர்களே உட்கார்ந்து பேசினார்கள். கைவசம் இருந்த பாட்டில்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, டம்ளர் வைத்து அளந்து, கர்ப்பிணிச் சீட்டு வைத்திருந்த பெண்ணுக்கு முதலில் கொடுத்தார்கள்.

உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். சர்க்கரை நோயாளிச் சீட்டு வாங்கிய ஷைனி, எட்டாவது படிக்கிறாள், திடீரென்று கேட்டாள்: "அக்கா, என் இன்சுலின் ஃப்ரிட்ஜில இருக்கு. கரண்ட் இல்லையே, அது கெட்டுப்போயிடாதா?" நான் யோசிக்கவே இல்லை அற்புதம். உன் பழைய மேட்ரன் நல்லவேளையாக உதவிக்கு வந்திருந்தார். பெரிய மண்பானையில் மணலைப் போட்டு நனைத்து, நடுவில் சின்னக் குடுவையை வைத்து, மருந்தை பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே இறக்கி, ஈரத்துணியால் மூடிக் காட்டினார். ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெளிச்சூடு தாக்காமல் சில நாள் காப்பாற்றலாம் என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குடுவைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நள்ளிரவு உறையில் 'தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் உடனே பாதுகாப்பான கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும்' என்று எழுதியிருந்தேன். பிரித்துப் படித்தார்கள், என்ன செய்யலாம் என்று பேசினார்கள். அப்புறம் தூக்கம் கண்ணைச் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு மணிக்குத் தலை எண்ணினோம். 45. மறுபடி எண்ணினோம். 45. மாடியில், சமையல்கட்டில், பீடத்துக்குப் பின்னால், எங்கும் இல்லை. பெயர்ப் பட்டியலை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டதில் பிரிட்டோவைக் காணோம். ஒன்பதாவது படிக்கிற பையன், அதிகம் பேசமாட்டான்.

முன் கேட் பூட்டியிருந்தது, லூர்து மாமா அங்கேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஆனால் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கதவு, நீயும் நானும் புளியங்காய்க்குப் போவோமே, அதே கதவு, திறந்து கிடந்தது. எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுவிட்டது. இரண்டு மணி இரவில், அந்தப் பக்கம் உப்பனாறு. ஃபாதர் பைக்கை எடுத்தார். நான் தெருவில் ஓடினேன், செருப்புகூடப் போடவில்லை. பத்து நிமிஷம் இருக்குமா? எனக்கு ஒரு யுகம்.

தெருமுனையில் ஒரு சின்ன வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பிரிட்டோ டார்ச்சைக் கீழே அடித்துக்கொண்டு வருகிறான். இன்னொரு கையில் அவன் பாட்டியைப் பிடித்திருக்கிறான், ஆயா என்றுதான் கூப்பிடுவான். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேலை, வீட்டில் இவனும் ஆயாவும்தான். சம்மதச் சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு இருந்தது. அதை நான்தான் ஃபைலில் கோத்தேன். வீட்டில் அந்தம்மா தனியாக இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏண்டா சொல்லாமப் போன?" என்று கத்தினேன். அவன் பயப்படவில்லை. "தாழ்வான இடத்துல இருக்கறவங்க வரணும்னு போட்டிருந்துச்சே அக்கா. ஆயாவால தனியா வர முடியாது" என்றான்.

என்னால் அதற்குமேல் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

ஆயா தோளில் ஒரு மஞ்சள் பை. உள்ளே பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், மாத்திரைப் பட்டைகள், ஒரு புடவை. பவுடர் டப்பாவுக்குள் தீப்பெட்டி, நனையாமல் இருக்க. பையை எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருப்பாராம். ஒத்திகைதான் என்று பையன் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறான். "ஒத்திகையோ நெசமோ, புள்ள கூப்புட்டுது, வந்தேன்" என்றார். உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் பிள்ளைகளைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: "எத்தினி கூண்டு ஏத்தியிருக்கான்?"

ஒருத்தருக்கும் புரியவில்லை. நானே உறையில் 'கடலூர் துறைமுகத்தில் 10-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று எழுதியிருந்தேன், ஆனால் அது என்ன என்று சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம், அதனால் ஆயாவுக்கு எல்லாம் அத்துப்படி. ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில் கடலில் இருக்கிறது. மூன்று, நான்கு என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரிய அபாயம். "பதினொண்ணு ஏறிச்சின்னா சேதி சொல்ற ஆபீசோடயே தொடர்பு இல்லன்னு அர்த்தம்டா, அப்புறம் உன் புத்திதான்" என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஒருத்தர் கண்ணிலும் தூக்கம் இல்லை.

அப்புறம் தானே புயல் கதை. உன் பெரியப்பா தோப்பில் ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லையே, அதே 2011 டிசம்பர் 30 விடியற்காலை. "காத்து நின்னுபோச்சுன்னு கதவத் தொறந்தோம். வடக்கேருந்து அடிச்ச காத்து திரும்ப வந்து தெக்கேருந்து அடிச்சிது பாரு, கூரை எந்தப் பக்கம் போச்சின்னே தெரியல" என்றார். புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் நடக்கும், நடுவில் ஓய்ந்து எதிர்த்திசையில் திரும்ப அடிக்கும். படமெல்லாம் வரைந்து நான் விளக்க வைத்திருந்தேன். அந்தத் தாளை வெளியே எடுக்கவே இல்லை.

விடிந்ததும் கடைசி உறை: வானம் வெளுத்துவிட்டது, ஆனால் ஆற்றில் வெள்ளம் வருகிறது, யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. முணுமுணுத்தார்கள். ஆயா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு பையை மடியில் வைத்துக்கொண்டார். ஆறரைப் பூசையில் அவரும் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

ஞாயிறு மதியமே ஒரு அம்மா வந்து சண்டை போட்டார். பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்கள், ராத்திரியில் ஒரு பையன் வெளியே போயிருக்கிறான், ஏதாவது ஆகியிருந்தால் என்று. அவர் கேட்டது நியாயம்தான். பின்கதவைப் பூட்டாதது என் தப்பு, மன்னிப்புக் கேட்டேன். நாளை மறுநாள் பங்குப் பேரவையில் இது வரும். இனிமேல் வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள். பூட்டு போடுகிறேன், மணிக்கு மணி தலை எண்ணுகிறேன், ஆனால் நிறுத்தமாட்டேன் என்று சொல்லப் போகிறேன்.

என்னை அரிப்பது அதுவல்ல. மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவர்களை எப்படிக் கவனிப்பது என்றுதான் ஒரு மாதமும் யோசித்தேன். வர முடியாதவர்களைப் பற்றி யோசித்தவன் பதினான்கு வயதுப் பையன் ஒருத்தன்தான். நம் பங்கில் 11 அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள், இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தனியாக இருக்கிற வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் யார், அவர்களைப் போய்க் கூட்டி வர வேண்டியது எந்தப் பிள்ளை என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறேன். நம் ஆட்கள் மட்டுமில்லை, அந்தத் தெருவில் யார் இருந்தாலும். நேற்று ஒரே தெருவில் ஒன்பது பெயர் வந்தது. மழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

நீ எனக்கு ஒன்று செய். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, டயாலிசிஸ், இவர்களுக்கெல்லாம் மூன்று நாள் கரண்டும் வண்டியும் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும், பையில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில், பதினாலு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. உன் டாக்டர் எழுதுகிற மாதிரி வேண்டாம், நீ பேசுகிற மாதிரி எழுது.

கல்லறைத் திருநாளுக்கு அப்பாவைப் பார்க்க எப்படியும் வருவாய். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்குக் கொடு, பிரிட்டோ வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். ஆயா பையில் இருந்த மாத்திரைப் பட்டைகளைப் பார்த்தேன், பாதிக்கு மேல் தேதி முடிந்தவை. எதை மாற்ற வேண்டும் என்று நீ பார்த்துச் சொன்னால் நான் வாங்கி வைத்துவிடுகிறேன்.

உன்,
ஜெயசீலி