இரண்டாவது தாளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

காகிதத்தை மடித்து வெட்டிப் பூச்சி உருவம் செய்யும் குழந்தைகள் வகுப்பு தொடங்க இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. 48 பேர் சேர்ந்திருக்கிறார்கள். 6 வகுப்புக்கு, ஆளுக்கு 2 தாள் வீதம், 576 வண்ணத் தாள் வேண்டும். இருப்பது 190. முனை மழுங்கிய கத்தரிக்கோல் 24 வேண்டும். 11தான் ஒழுங்காக வெட்டுகிறது. ஆக, 386 தாளும் 13 கத்தரிக்கோலும் குறைகின்றன.

ஒரு பூச்சிக்கு எதற்கு 2 தாள் என்று கேட்கலாம். தாளை மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதி உடல், 2 இறக்கை, 3 கால், ஓர் உணர்கொம்பு வரைந்து வெட்டி விரித்தால் 4 இறக்கை, 6 காலோடு முழுப் பூச்சி வந்துவிடும். போன முறை ஒரு சிறுமி மடிப்புப் பக்கத்தையே வெட்டிவிட்டாள். விரித்துப் பார்த்தால் வலக்கையில் பாதி வண்ணத்துப்பூச்சி, இடக்கையில் மீதிப் பாதி. உதடு பிதுங்க எங்களைப் பார்த்தாள். கொடுப்பதற்கு எங்களிடம் வேறு தாள் இல்லை. மடிப்பை வெட்டுவது எல்லாப் பிள்ளையும் ஒரு தடவை செய்கிற தவறுதான். அதைச் செய்த பிறகுதான் மடிப்பு எதற்கென்று விரலுக்குப் புரிகிறது. அந்த இரண்டாவது தாளைத்தான் கேட்கிறோம்.

இந்த வகுப்பை ஆரம்பித்த பெரியவர்கள், பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள். மடிப்பின் மேல் ‘தும்பி’ என்று தடிமனாக எழுதச் சொல்வார்கள். எழுத்தின் வெளிவிளிம்பை ஒட்டி வெட்டி விரித்தால், வளைவுகள் இறக்கையாகும். ‘பி’யின் கொக்கி கொம்பாக நிற்கும். சொந்தப் பெயரை எழுதிய பிள்ளைக்குத் தன் பெயரிலேயே ஒரு பூச்சி கிடைக்கும். இன்றைக்கும் முதல் வகுப்பு அதுதான். அவர்கள் ஏற்றிய விளக்கு நம் காலத்தில் அணையக் கூடாது.

இதுவரை கொடுத்தவர்களை மறக்கவில்லை. மீந்த தாளை விளிம்பு கசங்காமல் கட்டி அனுப்பிய அச்சக அன்பருக்கும், கத்தரிக்கோல்களைச் சாணை பிடித்துத் தந்தவருக்கும், மாதந்தோறும் பசை வாங்கித் தரும் அம்மாவுக்கும் நன்றி. இடக்கைக் கத்தரிக்கோல் 3 வாங்கித் தந்தவருக்குத் தனி நன்றி. சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். அந்த 3 பிள்ளைகளுக்கும் கை சரியில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இறைவன் உங்கள் எல்லோரையும் நலமாக வைக்கட்டும்.

தருவதாகச் சொல்லி மறந்தவர்களும் உண்டு. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால் கையை விரிப்பது நாங்கள்தான். இங்கே படித்துப் பெரியவர்களானவர்களுக்கு இதில் கூடுதல் கடமை இருக்கிறது. உங்களுக்கும் யாரோ தாள் கொடுத்தார்கள்.

செய்தித்தாள் வேண்டாம், கால்கள் துவண்டுவிடும். அட்டையும் வேண்டாம், மடித்தால் பிஞ்சுக் கைக்கு வெட்ட வராது. இரண்டுக்கும் நடுவில், 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) அளவில் இருந்தால் போதும். ஒரு பக்கம் அச்சடித்ததும் சரிதான். பணமாகத் தந்தாலும் தாளாகவே வாங்குவோம். 10 தாள் என்றாலும் தயங்க வேண்டாம். வகுப்புக்கு 3 நாள் முன்னதாக வந்துவிட்டால் அளவாக வெட்டி வைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓவிய வகுப்புக் குழுவினர்