தென்கொரியாவின் புசானில் இருக்கும் மகனுக்கு

தஞ்சாவூர்,
ஜூன் 10

அன்புள்ள கதிருக்கு,

ஆறாம் தேதி காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் சாலையில் கார்கள் நின்றுவிட்டன, நடந்துபோனவர்கள் தலைகுனிந்து நின்றார்கள், நானும் நின்றேன் என்று போனில் சொன்னாய். எதற்காக என்று கேட்டாய். போரில் இறந்தவர்களுக்காக என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீ சோறு தின்னும் ஊர் அது. அந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1950 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வயல் வேலை மும்முரமாக இருந்த நேரம்; தென்கொரியப் படைவீரர்கள் பலர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். எல்லையில் விழிப்பு நிலையைத் தளர்த்தி இரண்டு நாள்கூட ஆகவில்லை. வடகொரியப் படை சோவியத் டாங்கிகளோடு, இரண்டு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது இணைகோட்டைக் கடந்து வந்தது. தெற்கே ஒரு டாங்கிகூடக் கிடையாது. மூன்றாம் நாள் தலைநகர் சியோல் விழுந்துவிட்டது.

அந்த மூன்று நாட்களில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதிபர் சிங்மேன் ரீ 27ஆம் தேதி அதிகாலையிலேயே ரயிலேறிப் போய்விட்டார். அன்று இரவு வானொலியில் அவர் குரல், மக்கள் பதற வேண்டாம் என்றது. நம்பியவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 28ஆம் தேதி, பொழுது விடியுமுன், எதிரி கடந்து வராதபடி சியோலின் ஹான் ஆற்றுப் பாலத்தை அரசே வெடிவைத்துத் தகர்த்தது. பாலத்தின்மேல் குடும்பம் குடும்பமாகச் சனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். சியோல் பக்கக் கரையில் சிக்கிக்கொண்டவர்கள் மூன்று மாதம் எதிரியின் ஆட்சியில் கிடந்தார்கள். பிறகு திரும்பி வந்த அரசு, எதிரியோடு சேர்ந்திருந்தாயா என்று அவர்களையே சந்தேகப்பட்டது.

இப்படிக் கைவிடப்பட்ட மக்கள்தான் நாட்டைத் தாங்கினார்கள். நீ கப்பல் வரைபடங்களோடு வேலை செய்பவன் என்பதால் பெக்டுசான் என்ற கப்பலைப் பற்றி முதலில் சொல்கிறேன். அதற்கு முன் தென்கொரியக் கடற்படைக்குப் பெரிய பீரங்கி உள்ள கப்பலே இல்லை. மாலுமிகள் மாதச் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தார்கள். அவர்களுடைய மனைவிமார் துணி தைத்துக் காசு சேர்த்தார்கள். அரசும் பணம் போட்டு, அமெரிக்காவில் ஒரு பழைய ரோந்துக் கப்பலை வாங்கினார்கள். அது ஜின்ஹே துறைக்கு வந்து சேர்ந்தது 1950 ஏப்ரலில். போர் தொடங்கிய அன்று இரவே, ஏறத்தாழ 600 வீரர்களோடு புசானை நோக்கி வந்த எதிரிக் கப்பலை அது மூழ்கடித்தது. அந்த 600 பேர் புசானில் இறங்கியிருந்தால், பின்னால் உதவிப் படைகள் வந்து இறங்கத் துறைமுகமே இருந்திருக்காது. ஊசி நூலால் சேர்த்த காசு அந்தத் துறைமுகத்தைக் காத்தது என்று நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஆகஸ்டில் நாட்டில் மிஞ்சியது தென்கிழக்கு மூலை மட்டும். நாக்டாங் ஆற்றை ஒட்டிய கோட்டில் உதவிக்கு வந்த அமெரிக்கப் படையும் தென்கொரியப் படையும் செப்டம்பர் நடுவரை நின்றன. மலை உச்சிகளில் இருந்தவர்களுக்குச் சோற்று உருண்டையையும் குண்டுகளையும் ஏற்றியது யார் தெரியுமா? சுற்றுவட்டாரத்து விவசாயிகள். விறகு சுமக்கும் ஜிகே என்ற மரச்சட்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். இறங்கும்போது அதிலேயே காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். சீருடையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பலர் திரும்பவில்லை.

போஹாங் ஊரை நீ வார இறுதியில் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாயே, அங்கே ஒரு பெண்கள் பள்ளி உண்டு. ஆகஸ்ட் 11 அன்று அதைக் காத்து நின்றவர்கள் 71 மாணவர்கள். பள்ளிச் சீருடையோடு வந்தவர்கள். 48 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பையனின் சட்டைப் பையில் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இருந்தது. அம்மா, நான் ஆட்களைக் கொன்றுவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தான். எதிரிகளும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான், ஒரே மொழி பேசுகிறவர்கள்தான் என்று நினைக்க மனம் கனக்கிறது என்கிறான். கீரை இலையில் சோறு சுருட்டித் தின்ன ஆசை, ஊற்றுத் தண்ணீர் குடிக்க ஆசை என்கிறான். மறுபடி எழுதுகிறேன் என்று முடிக்கிறான். கதிர், அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? காரணம் சொல்லவில்லை. இதுதான் காரணம்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். அதே கோடையில் கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தின் பேரில் தென்கொரிய அரசு தன் குடிமக்களையே ஆயிரக்கணக்கில் கொன்றது. நோகன்ரி கிராமத்து ரயில் பாலத்தின் அடியில் அகதிகளை அமெரிக்க வீரர்கள் சுட்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் வாய் திறக்க முடியாமல் இருந்தன. வீரத்தைப் பேசும் வாயால் இதையும் பேச வேண்டும்.

புசானுக்கு வந்து குவிந்தவர்கள் மலைச்சரிவுகளில் பலகை, தகரம், அட்டைப்பெட்டி எது கிடைத்ததோ அதைக்கொண்டு குடிசை போட்டார்கள். பிரிந்துபோனால் யோங்டோ பாலத்தில் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். பாலத்தில் பெயர் எழுதிய காகிதங்களை ஒட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். செப்டம்பர் 15 அன்று சியோலுக்கு அருகே இஞ்சோன் துறையில் அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படைகள் இறங்கிய பிறகுதான் சியோல் மீண்டது. சண்டை நிற்க இன்னும் ஏறத்தாழ மூன்று வருடம் ஆயிற்று.

அந்த நவம்பரில் புசான் துறையில் வந்து இறங்கிய இந்திய மருத்துவப் படைக்குத் தலைவர் ஏ. ஜி. ரங்கராஜ், நம் தமிழர். தேஜோங்டே பூங்காவில், மருத்துவ உதவி செய்த நாடுகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்.

உன் வீட்டுக்கார அம்மாளுக்கு எண்பதைத் தாண்டிய வயது என்றாய். 1950இல் அவர் எங்கே இருந்தார் என்று, அவருக்குச் சொல்ல மனம் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவசரப்படுத்தாதே. சொன்னதை எனக்கு எழுது. போகும்போது பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு போ. மழைக்காலம் தொடங்கப் போகிறது, குடையை அலுவலகத்தில் மறந்துவிட்டு வராதே.

அன்புடன்,
அம்மா