புது மோட்டார் வாங்காதே

அன்புள்ள கதிரேசா,

இங்கே ரங்கூனில் எல்லாரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அதைத் தனியாக எழுது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை, கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வாங்காதே. அதுவும் கடன் வாங்கி, வேண்டவே வேண்டாம்.

ஓடுகிற சத்தம் கேட்டால் மோட்டார் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறதே, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். அதன் வாயில் ஒரு மணல் பருக்கை சிக்கினால் போதும், ராத்திரியோடு குழாய் காலியாகிக் காற்று நிறைந்துவிடும், காற்றை இழுக்க அந்த பம்பால் ஆகாது. பம்பின் தலையில் உள்ள மூடியைத் திறந்து வழியும்வரை தண்ணீர் ஊற்றிப் பார். ஊற்ற ஊற்ற உள்ளே இறங்கிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் வால்வில்தான். குழாயைத் தூக்கி அதைக் கழற்று, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு, ரப்பர் வெடித்திருந்தால் வால்வை மட்டும் மாற்று. திரும்ப மாட்டும்போது மரையின் முனையை உன் பக்கம் திருப்பி, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்துவிடும். தண்ணீர் ஊற்றாமல் சும்மா ஓட்டிப் பார்க்காதே, பம்புக்குள் கசிவை அடைக்கிற சீல் கருகிவிடும்.

அப்புறம், கிணற்றையும் எட்டிப் பார். இந்தப் பங்குனி வெயிலில் மட்டம் எங்கே இருக்கிறதோ! மேலே வைத்த பம்ப் சுமார் 25 அடி ஆழத்துக்குக் கீழே இருந்து உறிஞ்சாது, எத்தனை குதிரைசக்தி போட்டாலும். அந்தக் கடைக்காரரின் புது மோட்டாரும் அங்கே வந்து தண்ணீர் ஏற்றாமல் சும்மாதான் சுற்றும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரண்ட் இல்லையே என்று சுவிட்சைப் போட்டபடி விட்டுவிட்டு ஈரக்கையோடு கிணற்றடியில் உட்காராதே. நம் ஊரில் அது எப்போது போகும் எப்போது வரும் என்று யார் கண்டது? பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடு. கண்ணையா மாமா வீட்டில் நடந்தது போதும்.

சைக்கிள் செயின் மாட்டவே ஆள் தேடியவன் நீ, அதனால் மருமகனைக் கூட வைத்துக்கொள். பர்மாக்காரர்களின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடையெல்லாம் மூடிவிடுவார்கள், வால்வு வேண்டுமென்றால் அதற்குள் வாங்கி வை. பழசைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டி வாங்கு. பைப் ரிஞ்ச் இல்லையென்றால் சொல், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்து