உளுந்து உழவுக்கு வண்டி அனுப்புகிறவர்களுக்கு

பர்மாவின் பெகு வட்டாரத்தில் டிராக்டர் வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், அந்த வண்டிகளை ஓட்டிவரும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நெல் அறுப்பு முடியப் போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் எங்கள் ஆட்கள் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் நமக்கு வாய்ப்பது மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் ஒன்றுதான். அது காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். பிந்தினால் தரை பாளம் பாளமாகிவிடும், அப்புறம் கலப்பை இறங்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். வண்டி வயலில் இறங்கிவிட்டால் எஞ்சின் சத்தத்தில் யார் சொல்வதும் யார் காதிலும் விழாது.

போன பட்டத்தில் நம் பக்கத்துப் பல வயல்களில் சின்ன டிராக்டர்கள் கலப்பையை இழுக்க மாட்டாமல் வழுக்கின. ஏனென்று கேட்டால் ஒரே பதில்தான்: "குதிரைத்திறன் பத்தலை, பெரிய வண்டிதான் வேணும்." பெரிய வண்டிக்கு வாடகையும் பெரிது, டீசலும் அதிகம். இந்தப் பதிலை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கலப்பை இறங்கியதும் எஞ்சின் முக்கி முனகி அணைந்துபோனால், சரி, பவர் பத்தவில்லை. எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்க, சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றினால் பவர் தாராளமாக இருக்கிறது, மண்ணில் பிடிமானம்தான் இல்லை. அங்கே இன்னும் பெரிய எஞ்சினைக் கொண்டுவந்தால் இன்னும் வேகமாகக் குழி தோண்டும்.

முதலில் டயரில் காற்று. அறுப்பு முடிந்த கையோடு இதே வண்டிகள் டிரெய்லர் கட்டி நெல் மூட்டை ஏற்றி ரோட்டில் ஓடுகின்றன. அதற்காக இறுக்கி அடித்த காற்றோடு அப்படியே வயலுக்கு வந்துவிடுகின்றன. டயர் கல் மாதிரி நிற்கிறது, மண்ணைத் தொடுவது நடுவில் ஒரு கீற்றுதான். வண்டியோடு வரும் புத்தகத்தில் எந்த டயருக்கு எவ்வளவு பாரத்தில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். அதில் வயலுக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு இறக்குங்கள். டயர் சற்று அமர்ந்து, அதன் மேல் புடைத்திருக்கும் பட்டைகள் முழு அகலத்துக்கும் மண்ணைக் கவ்வும். இதற்குக் காசு செலவே கிடையாது, ஒரு காற்றுமானி இருந்தால் போதும்.

டயரை மாட்டும்போதும் கவனம் வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டைகளின் கூம்பு மேலே பார்த்தபடி, வீட்டுக் கூரை போல நிற்க வேண்டும். பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் இடமும் வலமும் மாறிப் போய், தலைகீழாக மாட்டிய டயரோடு ஒரு பட்டம் முழுக்க உழுத வண்டியும் நம் ஊரில் உண்டு.

அடுத்து பாரம். சின்ன வண்டியின் குறை அதன் எடைதான். கலப்பை மண்ணைப் பிடித்து இழுக்கும்போது முன்பக்கம் எழும்புகிறது, ஸ்டியரிங் கேட்பதில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் மொத்த எடையில் முன்னால் நூற்றுக்கு 35-லிருந்து 40 பங்காவது இருந்தால்தான் முன்சக்கரத்தால் பயன் உண்டு. எடைக்காக முன்னால் மாட்டும் இரும்புகளைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு வண்டியை மட்டும் அனுப்பினால் எப்படி? பின்சக்கரத்துக்கு அதைவிட மலிவான வழி தண்ணீர். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றினால் டயரில் முக்கால் பங்கு நிரம்பும். டயர் ஒன்றுக்கு 100 லிட்டர் பிடித்தால் இரண்டிலுமாக 200 கிலோ கூடிவிட்டது. பனி உறையும் நாடுகளில் அதில் உப்பு கலக்கிறார்கள், அது ரிம்மை அரிக்கும். பெகுவில் அந்தக் கவலை இல்லை, நல்ல தண்ணீர் போதும். கடல் ஏற்றம் வந்துபோகும் ஓடையில் மட்டும் மொண்டு ஊற்றாதீர்கள்.

இனி தம்பிமாரோடு கொஞ்சம். சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டிராஃப்ட் லீவர் எதற்கென்று உங்களில் பல பேருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சில சின்ன வண்டிகளில் அது கிடையாது, கலப்பையைச் சொன்ன உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவர் மட்டும்தான். இருக்கிற வண்டியில் அதைத் தொடாமலே ஓட்டுவது பெரிய நஷ்டம். ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் 1930-களில் சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. கலப்பைக்குக் கடினமான இடம் தட்டுப்பட்டு இழுவை கூடினால், ஹைட்ராலிக் தானாகவே கலப்பையை ஒரு துளி தூக்கும். தூக்கும்போது கலப்பையின் பாரமும் அது புரட்டும் மண்ணின் பாரமும் பின்சக்கரத்தின் மேல் வந்து உட்காரும். எங்கே பிடிமானம் அதிகம் தேவையோ அங்கேயே பாரம் கூடுகிறது. இரும்பு எதையும் கட்டாமல் கிடைக்கும் பாரம் இது, விடலாமா?

சட்டிக் கலப்பை போட்டு உழும்போது ஒரு சக்கரம் சாலுக்குள் ஓடும், மற்றது மேட்டில். வண்டி சாய்ந்து பாரம் சால் பக்கம் போக, மேட்டுச் சக்கரம் இலேசாகிச் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி பூட்டும் டிஃப் லாக் இருப்பது இதற்குத்தான். சக்கரம் தறிகெட்டுச் சுற்றும்போது அதை மிதிக்காதீர்கள், பல் உடையும். வழுக்கப் போகிறது என்று தெரிந்ததும், நேர்ச் சாலில், மெதுவாகப் போகும்போதே போடுங்கள். வரப்போரம் திரும்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

அப்படியும் வழுக்கினால் ஒன்பது கொத்துக் கலப்பையில் ஓரத்துக் கொத்து இரண்டைக் கழற்றுங்கள். ஆழத்தைக் குறைத்து மேலோட்டமாகக் கீறிவிட்டுப் போவதைவிட, அகலத்தைக் குறைத்துக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவது மேல். இலேசான வண்டிக்கு வேகம் வரும், இழுவை வராது. மழுங்கிய கொழுவை மாற்றாமல் வண்டியைத் திட்டுவதையும் விட்டுவிடலாம்.

"ரோட்டாவேட்டர் போட்டா போகுதே" என்பீர்கள். போகத்தான் செய்யும். அதன் கத்திகள் சுற்றுகிற வேகத்தில் வண்டியை முன்னால் தள்ளிவிடுகின்றன, சக்கரத்துக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் வருஷம் தவறாமல் அதையே போட்டு மேல்மண்ணை மாவாக்கிவிட்டு, அடியில் இறுகிக் கிடப்பதை அப்படியே விட்டால் உளுந்து வேர் எங்கே போகும்?

வழுக்கலை அளக்கவும் முடியும். பின்டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே வயலில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டி, தூரத்தை அளங்கள். பிறகு கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்று. முதலில் 34 மீட்டர், இரண்டாவது 30 மீட்டர் என்றால் வழுக்கல் 12 சதவீதத்தை ஒட்டி. அது நல்ல உழவு. 8-லிருந்து 15-க்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் டீசலும் டயரும் வீணாய்த் தேய்கின்றன. 5-க்கும் கீழே போனால் பாரம் தேவைக்கு மேல் ஏற்றியிருக்கிறீர்கள். அளவுநாடா இல்லாதவர் டயர் தடத்தைப் பார்த்தாலே போதும். பட்டை அச்சு அச்சடித்தாற்போல் கூர்மையாக விழுந்தால் பாரம் அதிகம். தடமே கலைந்து உழுத மண்ணாய்க் கிடந்தால் பாரம் குறைவு. ஓரம் தெளிந்து நடு மட்டும் கலைந்திருந்தால் சரி.

இவ்வளவும் உளுந்து உழவுக்கு, அதாவது கால் புதையாத நிலத்துக்கு. ஆனி, ஆடியில் நெல்லுக்குச் சேறடிக்க வரும்போது இதையெல்லாம் தலைகீழாக்குங்கள் என்று கேட்கிறேன். சேற்றுக்கு அடியில் ஒரு சாணுக்குள் இறுகிய தரை இருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்பதும் அதனால், உங்கள் சக்கரம் நிற்பதும் அதன் மேல். பாரம் ஏற்றிய வண்டி அந்தத் தரையை உடைத்துவிட்டால், அடுத்த வருஷம் அதே இடத்தில் நீங்களும் புதைவீர்கள், எங்கள் தண்ணீரும் கீழே இறங்கிப் போகும். சேற்றுக்கு இரும்பையும் டயர்த் தண்ணீரையும் எடுத்துவிட்டு, சேற்றில் புதையாமலிருக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலோடு வாருங்கள். அதை ரோட்டில் உருட்டிக்கொண்டு வராமல் டிரெய்லரில் போட்டுக் கொண்டுவந்து வரப்பில் மாட்டுங்கள், தார் ரோடு பிழைக்கும்.

வாடகை பேசும்போது இனி நாங்கள் கேட்கப்போவது குதிரைத்திறனை அல்ல. முன் இரும்பு கூட வருகிறதா, காற்று இறக்கியாச்சா, ஓட்டுகிற தம்பிக்கு டிராஃப்ட் லீவர் தெரியுமா என்று கேட்போம். ஏக்கருக்குப் பேசிய கூலியில் வழுக்கலுக்குப் போகும் டீசல் உங்கள் பையிலிருந்துதான் போகிறது என்பதால், இதில் உங்களுக்கும் எங்களுக்கும் வழக்கு இருக்காது என்று நம்புகிறேன். முதல் உழவுக்கு முன் ஒரு காலை ஒதுக்குங்கள். வாய்க்கால் ஓரத்து என் வயல் அப்போது காலியாகத்தான் கிடக்கும். வண்டியும் கலப்பையும் நீங்கள் கொண்டுவாருங்கள், அளவுநாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் எங்கள் பொறுப்பு. பசியாற மொஹிங்காவும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் வண்டிக்கு வாடகை கொடுக்கும் விவசாயி ஒருவன்