இலைச்சுருட்டுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

சிறுபோகத்து மரக்கறி வயலில் நிற்கிறது. மழை விட்டு, காற்று தொடங்கிவிட்டது. இந்தக் காலம் வந்தாலே கையில் இலை சுருண்ட ஒரு கறிமிளகாய்க் கொப்பையோ தக்காளி நுனியையோ பிடித்துக்கொண்டு, "முதலாளி, சுருட்டுக்கு நல்ல மருந்தா ஒன்று தாங்க" என்று பலர் வருகிறீர்கள். இல்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. வேறு கடையில் தருகிறார்களே என்று சிலர் கேட்கவும் செய்கிறீர்கள். சந்தைக்கு லொறி ஏறுகிற அவசரத்தில் கவுண்டரில் நின்று இதை விளக்க முடிவதில்லை. அதனால் எழுதித் தருகிறோம். லீக்ஸ், கரட் மட்டும் போடுகிறவர்கள் இதை மடித்து வைத்துவிடலாம். தக்காளி, மிளகாய், போஞ்சி போடுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், சுருண்ட இலை எல்லாம் வைரஸ் இல்லை. மிளகாய் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணம்போல் ஆகியிருந்தால், பெரும்பாலும் அது பனிப்பூச்சியின் (த்ரிப்ஸ்) வேலை. ஒரு பூவைப் பறித்து வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். ஊசி முனை அளவில் மெல்லிய பூச்சிகள் விழுந்து ஓடும். இலை கீழ்நோக்கி வளைந்து, ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டிருந்தால் அது மைட்டா என்னும் சிற்றுண்ணி. வெறும் கண்ணுக்குத் தெரியாது, கடையில் இருக்கும் கண்ணாடியில் காட்டுகிறோம். அது பூச்சி இனமே இல்லை என்பதால் பூச்சி மருந்துகள் பல அதன்மேல் வேலை செய்வதில்லை. சில மருந்துகளை அடித்தால் இன்னும் பெருகும். இந்த இரண்டுக்கும் வழி இருக்கிறது. சரியான மருந்து அடித்தால் அடுத்து வரும் துளிர் நன்றாக வரும்.

வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்றால் துளிர் நன்றாக வராது. நரம்பு தடித்து, இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகவே நின்றுவிடும். தக்காளியில் பூ வரும், கொட்டிவிடும். போஞ்சியில் சுருட்டை விடப் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள்தான் அடையாளம். பச்சையும் இளம்பச்சையுமாகக் கலந்த தேமல் என்றால் அது வேறு வைரஸாக இருக்கலாம். விதையோடும் வரும், சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சியும் பரப்பும். அதற்கு வெள்ளை ஈயைத் துரத்திப் பலனில்லை.

சரி, வைரஸுக்கு ஏன் மருந்து இல்லை? வைரஸ் செடியின் உயிரணுக்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்து பெருகுவது. அதை மட்டும் கொன்று செடியை விட்டுவைக்கிற மருந்து உலகத்தில் எங்கேயும் விற்பனையில் இல்லை. போத்தலில் எந்தப் படம் போட்டிருந்தாலும் சரி, விற்கிறவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி. 'வைரஸ் டொனிக்' என்று வருவதில் பெரும்பாலும் இலைவழிப் பசளைதான் இருக்கும். அடித்தால் செடி கொஞ்சம் பச்சை கட்டும், நாமும் மருந்து பிடித்துவிட்டது என்று நினைப்போம். அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியது வைரஸைக் கொண்டுவருகிறவனைத் தடுப்பது. வெள்ளை ஈ ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். செடியைத் தட்டினால் மாவு பறப்பதுபோல் எழும்பி, மறுபடி இலையின் அடியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டையிடுவதும் அங்கேதான். குஞ்சு பொரித்ததும் சற்று நகர்ந்து ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சிறகு முளைக்கும் வரை அசையாது. கண்ணாடியில் பார்த்தால் மீன் செதிள்போல் தெரியும், உள்ளே மஞ்சளாக. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம் அளவு போதும். வெலிமடைப் பள்ளத்து வயல்களில் வெயில் மாதங்களில் அப்படித்தான். நுவரெலியா குளிரில் அதைவிட அதிக நாள் எடுக்கும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதுவே ஒரு காவல். ஆனால் பொலித்தீன் கூடாரத்துக்குள் குடைமிளகாய் போடுகிறவர்களுக்கு அந்தக் காவல் கிடையாது. குளிரையும் தாங்கும் இன்னொரு வெள்ளை ஈ வகை இருக்கிறது, கூடாரம்தான் அதற்கு வீடு.

வைரஸ் உள்ள செடியில் அரைமணி நேரம் சாறு குடித்தால் ஈக்கு அது தொற்றிவிடும். குடலிலிருந்து எச்சில் சுரப்பிக்கு வந்துசேரச் சில மணி நேரம். அதற்குப் பிறகு அந்த ஈ சாகும்வரை குத்துகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போகும். நோய் செடியில் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். இதைக் கவனித்துப் பாருங்கள்: இன்று நீங்கள் கொண்டுவரும் சுருண்ட கொப்பில் ஈ குத்தியது இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால். பலருக்கு அது நாற்றுமேடையிலேயே நடந்து முடிந்த விஷயம். நட்டு ஒரு மாதத்துக்குள் பிடித்த செடியில் காய் எதிர்பார்க்க முடியாது. காய் கட்டிய பிறகு பிடித்தால் பெரிய நட்டமில்லை. ஆக, காக்க வேண்டிய காலம் செடியின் சின்ன வயது.

அதனால்தான் இந்தப் போகத்திலிருந்து மருந்து அலுமாரிக்கு முன்னால் வலையை வைத்திருக்கிறோம். பூச்சி புகாத நுண்வலை, அங்குலத்துக்கு ஐம்பது கண். கொசுவலை போதாது, அதன் கண் வழியே ஈ தாராளமாகப் போய்வரும். மீற்றர் கணக்கில் வெட்டித் தருகிறோம். நாற்றுமேடைக்கு மேல் மூங்கிலோ வளைத்த பைப்போ நட்டு, வலையைப் போர்த்தி, ஓரங்களை மண் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றத் திறந்துவிட்டு மறந்துபோனால் வலை போட்டதில் அர்த்தமில்லை. ஒழுங்காக வைத்தால் பல போகம் வரும், ஒரு போத்தல் நல்ல மருந்தின் விலையோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்று வாங்கி நடுகிறவர்கள், வாங்குமுன் தட்டைத் தூக்கி இலையின் அடியைப் பாருங்கள். திறந்த வெளியில் வளர்த்த தக்காளி, மிளகாய் நாற்றை இனி எங்கள் கடையில் வைக்க மாட்டோம். கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

நட்ட பிறகு முதல் மாதம் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். வைரஸ் அடையாளத்தோடு சுருண்ட செடி ஒன்று தெரிந்தால் பிடுங்கிவிடுங்கள், மனம் வராதுதான். காலையில், பனி காயுமுன் பிடுங்குங்கள். அப்போது ஈ சுறுசுறுப்பாக இருக்காது. ஒரு பையைக் கவிழ்த்து மூடி, அப்படியே வேரோடு இழுத்துக் கட்டி, எரிக்கவோ புதைக்கவோ செய்யுங்கள். பிடுங்கி வரப்பில் போட்டால் ஈ எழும்பிப் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். ஒன்றரை, இரண்டு மாதம் தாண்டிய செடியைப் பிடுங்கச் சொல்ல மாட்டோம், காய் வருகிறவரை வரட்டும். அறுவடை முடிந்த பழைய செடிகளை நிற்கவிட்டு, பக்கத்துத் துண்டில் புதிதாக நடுவதுதான் நம் பகுதியில் நடக்கிற பெரிய கூத்து. வரப்பில் நீலப்பூப் பூக்கும், கசக்கினால் வாடை அடிக்கும் களையையும் (சிங்களத்தில் ஹுலந்தலா) விட்டுவைக்காதீர்கள். இந்தக் குடும்பத்து வைரஸ்கள் அதிலும் தங்கும்.

கொல்லையில் மரவள்ளி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலையில் மஞ்சள் தேமல் போட்டுக் கோணிய செடியிலிருந்து நடுதடி வெட்டாதீர்கள். அந்த வைரஸை வெள்ளை ஈயும் பரப்பும், தடியும் பரப்பும். அதன் பெயரிலேயே நம் நாடு இருக்கிறது, 'இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ்'. 2015இல் கம்போடியாவில் தென்பட்டு, பிறகு வியட்நாம், தாய்லாந்து வரை போய்விட்டது. பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

இனி வெள்ளை ஈக்கான மருந்து. அடிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னால் எங்கள் கடை என்னாவது? இளம் செடியில் ஈ ஏறிவிட்டால் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் இமிடாக்குளோபிரிட், தயமெதொக்சாம், அசிட்டாமிபிரிட் மூன்றும் வேறு வேறு போத்தல், வேறு வேறு விலை, ஒரே குடும்பம், பூச்சியைக் கொல்லும் விதம் ஒன்றே. முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது என்று மாற்றி அடிப்பதாக நினைத்து ஒரே மருந்தையே திரும்பத் திரும்ப அடிக்கிறீர்கள். தப்பிப் பிழைத்த ஈயின் பிள்ளைகளும் அந்த மருந்துக்கு அசையாது. இனி ஒவ்வொரு போத்தலின் மூடியிலும் அது எந்த மருந்துக் குடும்பம் என்று காட்டும் எண்ணை மார்க்கரில் எழுதித் தருவோம். போன முறை வாங்கிய அதே எண்ணை அடுத்த முறை கேட்டால், வேறு எண் தருவோம். மூன்று மருந்தை ஒரே தாங்கியில் கலக்கத் தரமாட்டோம். 'கட்டாயம் சாகும்' என்று பைரித்ரொயிட் வகையை அடிக்கடி அடிப்பது இன்னும் மோசம். ஈயைத் தின்னும் குளவியும் பொறிவண்டும்தான் முதலில் சாகும். நுனியில் மட்டும் விசிறிவிட்டு வராமல், நொசிலைத் திருப்பி இலையின் அடியில் படும்படி அடியுங்கள். மூன்று மொழி லேபலும் பதிவு எண்ணும் இல்லாத போத்தலை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். லேபலில் போட்டிருக்கும் அறுவடை இடைவெளியும் விளையாட்டுக்கு இல்லை. போஞ்சியை இன்று அடித்து நாளை கெப்பெட்டிபொலச் சந்தைக்கு ஏற்றுகிறவர்கள் அதைத் தம் வீட்டில் சமைப்பதில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

இதில் எங்கள் சுயநலமும் இருக்கிறது, மறைக்கவில்லை. சுருட்டு விழுந்த வயலில் கடன் கொப்பியும் சுருண்டுவிடும்.

சந்தேகம் என்றால் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிச் சென்று காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். கடைக்குக் கொண்டுவருவதானால் ஒரு கொப்பு போதும். பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டிக் கொண்டுவாருங்கள். வாசலிலேயே நாற்றுத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் பசளை, மருந்துக் கடையினர்
வெலிமடை