சட்பரியில் நிக்கல் தேடும் போர்வெல் வண்டி

சட்பரி, ஒண்டாரியோ, கனடா
பிப்ரவரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். சித்திக்கு என் வணக்கம் சொல்லுங்கள். "அங்க ஒரு நாளைக்கு எத்தனை அடி ஓட்டறாங்க?" என்று போனில் கேட்டீர்கள். அதைப் பேசி முடிக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

நம் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஆறரை அங்குல போரை ஒரே நாளில் பல நூறு அடி இறக்கிவிடும். இங்கே 12 மணி நேர ஷிப்டில் 30 மீட்டர் இறங்கினாலே டிரில்லர் மீசையை முறுக்குவார். உங்களுக்கு ஓட்டை வேண்டும். கல் தூளாகிக் காற்றோடு வெளியே வந்தால் போதும். இங்கே கேட்பது கல்லை, அதுவும் முழுசாக. அதனால் ஹேமரும் கம்ப்ரசரும் கிடையாது. வைரத்துணுக்கு பதித்த வளைய பிட் சுற்றி அறுக்கும். நடுவில் மிஞ்சும் கல் உருளையாக உள்குழாய்க்குள் ஏறும். அதுதான் கோர். என்க்யூ (NQ) என்று இங்கே சொல்லும் அளவில் ஓட்டை 75.7 மி.மீ., கோர் 47.6 மி.மீ. குழாய் நிறைந்ததும் ராடுகளைக் கழற்றுவதில்லை. கம்பிக்கயிற்றில் கொக்கியை இறக்கி உள்குழாயை மட்டும் மேலே இழுக்கிறார்கள். காலிக்குழாயைத் திரும்பப் போடும்போது அடியில் பூட்டு சரியாக விழ வேண்டும். விழாமல் ஓட்டினால் கோர் அரைபட்டுப் போகும். வெடித்த பாறையில் துண்டுகள் குழாய்க்குள் சிக்கி அடைத்தாலும் அதே கதைதான்.

பிட்டைக் குளிரவைக்க இறங்கும் தண்ணீர் நின்றால் அது சீக்கிரமே எரிந்து பாறையில் சிக்கிக்கொள்ளும். வெளியே மைனஸ் 30 டிகிரி. ஏரியிலிருந்து வரும் ஹோஸில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வழியில் டீசல் ஹீட்டரின் சுருள்குழாயில் சூடாக்குகிறார்கள். பம்ப் நின்றுவிட்டால் உடனே லைனை வடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் உறைந்து, அன்றைய ஷிப்ட் போச்சு. இவ்வளவு தொல்லை இருந்தும் குளிர்காலம்தான் இங்கே சீசன். சதுப்பு உறைந்தால்தான் ரிக்கை, அதாவது ஓட்டை போடும் இயந்திரத்தை, இழுத்துப்போக முடியும்.

இந்த ஊரே ஏறக்குறைய 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்ணிலிருந்து ஒன்று வந்து மோதிய பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. அப்போது உருகிய பாறைக்குழம்பில் கனமான சல்ஃபைடு, அதாவது கந்தகத்தோடு சேர்ந்த உலோகத் தாது, அடியில் தங்கியது. அடிவிளிம்புப் பள்ளங்களில் நிக்கல் அதிகம். அதற்கும் கீழே, நொறுங்கிய பழம்பாறையின் வெடிப்புகளில் செம்பு அதிகம். 1883இல் ரயில் பாதைக்குப் பாறை வெட்டியபோது இந்தத் தாது வெளிப்பட்டது. செம்புக்காகத்தான் முதலில் தோண்டினார்கள். மேலாகக் கிடந்தது பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால் இப்போது தேடுவது ஆயிரம் மீட்டருக்கும் கீழே.

கோர் பளபளத்தால் போதாது சித்தப்பா. வெண்கல நிறத்தில், பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவது பைரோடைட். அதில் நிக்கல் சொற்பம். அதனூடே சற்று வெளிறிய நிறத்தில், தளம் தளமாக உடைந்து மின்னுவது பென்ட்லண்டைட். நிக்கல் அதில்தான், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். பித்தளை மஞ்சள் சால்கோபைரைட்டில் செம்பு.

இந்தப் பைரோடைட்டால் இன்னொரு தலைவலி. அது காந்தம் என்பதால் திசைகாட்டி வைத்த சர்வே கருவி தப்பான திசை காட்டும். ஆழம் போகப் போக ஓட்டை தானாகவே வளையும். எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அத்தனை மீட்டரும் வீண். அதனால் காந்தத்தை நம்பாத கைரோ கருவியை இறக்கி அளக்கிறார்கள்.

இப்போதைய ஓட்டையில் எதிர்பார்த்த இடத்தில் கனத்த சல்ஃபைடு வரவில்லை. அங்கங்கே துளித்துளியாக மட்டும். ஆனால் கைவிடவில்லை. தரையில் பெரிய கம்பி வளையம் விரித்து மின்சாரம் விட்டு, ஓட்டைக்குள் மின்காந்த உணரியை இறக்கிப் பார்த்தார்கள். கனத்த சல்ஃபைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஓட்டை அதைத் தொடாமல் பக்கத்தில் போயிருந்தாலும் சிக்னல் சொல்லிவிடும். சொல்லியிருக்கிறது. கிராஃபைட் இருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால் துள்ளிக் குதிக்க இன்னும் நேரமிருக்கிறது. மேலிருந்து புது ஓட்டை போடாமல், பழைய ஓட்டையின் பாதி ஆழத்தில் சாய்வான இரும்பு ஆப்பு இறக்கி, அங்கிருந்து கிளை பிரிக்கிறார்கள். சில நூறு மீட்டர் செலவு மிச்சம்.

கிளை சல்ஃபைடில் பட்டாலும் கணக்கில் கவனம் வேண்டும். கோரில் 10 மீட்டர் சல்ஃபைடு வந்து, அது கோரின் அச்சுக்கு 30 டிகிரியில் படுத்திருந்தால், உண்மைத் தடிமன் 5 மீட்டர்தான். பங்குச்சந்தை அறிவிப்புகளில் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். கையடக்க எக்ஸ்ரே கருவி காட்டும் சதவீதத்தையும் நம்பக்கூடாது. அது பார்ப்பது ஒரு சின்னப் புள்ளியை. கோரை நீளவாக்கில் அறுத்து, பாதியைப் பெட்டியில் வைத்து, மறுபாதியைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். நடுநடுவே அளவு தெரிந்த மாதிரியும் வெறுங்கல்லும் நுழைப்பார்கள், ஆய்வகத்தையே சோதிக்க. தாமதித்தால் பைரோடைட் துருப்பிடிக்கும், அதனால் அறுப்பதை நாள்கடத்துவதில்லை.

ஆப்பு இந்த வாரம் இறங்குகிறது. பனி இளகுவதற்குள் கிளை அடியைத் தொட்டால்தான் ரிக்கை வெளியே எடுக்க வழி இருக்கும். ரிசல்ட் தாள் வந்ததும் மறுபடி எழுதுகிறேன். உங்கள் வண்டியில் புது கம்ப்ரசர் மாட்டியாச்சா? எத்தனை சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) என்று பதிலில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் செந்தில்