கடைப் பலகையைக் கழற்றினால் மின்கட்டணம் குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பின் கணினிக் குறிப்பில், திரையின் வலது மூலையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னங்களை மறைத்துவிட்டால் கணினி வேகமாக ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே இரண்டு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். செங்கலடியில் போட்டோ பிரதி, தட்டச்சு, பிரிண்ட் என்று சிறிய கடையொன்று நடத்துகிறேன். அவர்களுக்குச் சொன்னதையே தங்களுக்கும் எழுதுகிறேன்.

சின்னத்தை மறைப்பது வேறு, அதற்குரிய நிரலை (புரோகிராமை) நிறுத்துவது வேறு. கடைப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தால் மின்கட்டணம் குறையுமா? உள்ளே மின்விசிறியும் பிரதி இயந்திரமும் ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

1995இல் விண்டோஸ் 95 வந்தபோதே அந்த மூலை இருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7, பெரும்பாலான சின்னங்களைத் தானாகவே ஒரு சிறிய அம்புக்குறிக்குப் பின்னால் தள்ளிவிட்டது. அதிலே ஒவ்வொரு சின்னத்துக்கும் மூன்று தெரிவுகள் உண்டு: சின்னத்தையும் அறிவித்தலையும் காட்டு, இரண்டையும் மறை, அறிவித்தலை மட்டும் காட்டு. இந்த நடுத் தெரிவால் நான் பட்ட பாடு இருக்கிறதே!

கடையில் விண்டோஸ் 7 கணினி இருந்த காலத்தில், உதவிக்கு நின்ற என் மருமகன் திரை துப்புரவாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் அந்த நடுத் தெரிவையே கொடுத்துவிட்டான். வைரஸைத் தடுக்கும் நிரலான வைரஸ் கார்டும் அதற்குள் போய்விட்டது. அதன் ஆண்டுச் சந்தா முடிந்து, சின்னத்தில் சிவப்புப் புள்ளடி விழுந்தது எவர் கண்ணிலும் படவில்லை. சில வாரம் கழித்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை அழாத குறையாக வந்து நின்றாள். "அண்ணா, நேற்று இங்கே பிரிண்ட் எடுத்த பிறகு பென் டிரைவில் ஒன்றுமே இல்லை." திறந்து பார்த்தால் அவளுடைய ஆய்வுக் கட்டுரைக் கோப்புறை இருந்த இடத்தில் ஒரு குறுக்குவழிச் சின்னம் மட்டும். என் கணினியில் புகுந்திருந்த வைரஸின் வேலை அது; உண்மைக் கோப்புறைகளை அழிப்பதில்லை, ஒளித்து வைத்துவிட்டுப் போலியைக் காட்டும். கட்டுரையை மீட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த வாரங்களில் என் கடையிலிருந்து எத்தனை பென் டிரைவ்கள் அந்த நோயைச் சுமந்துகொண்டு ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் போயினவோ!

இன்னொன்று, தமிழ் விசைப்பலகைச் சின்னம். அது கண்ணில் படாவிட்டால் தமிழில் தட்டுகிறோமா ஆங்கிலத்திலா என்பதே தெரியாது. பிரதேச செயலாளருக்கு எழுதிய ஒரு காணி விண்ணப்பத்தை எதிரே இருந்த ஐயா சொல்லச் சொல்ல, காகிதத்தையே பார்த்தபடி ஒரு பந்தி முழுவதும் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். திரையில் ஆங்கில எழுத்துகள் அள்ளிக் கொட்டிய நெல்லிக்காய்போலக் கிடந்தன. ஐயா பொறுமைசாலி, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

மறைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிண்டர், ஒலி அட்டை, ஸ்கேனர் கம்பனிகள் ஒட்டிவைக்கும் சின்னங்களை நானும் மறைத்துத்தான் வைத்திருக்கிறேன். டாஸ்க்பாரில், அதாவது அந்தச் சின்னங்கள் நிற்கும் பட்டையில், வெற்றிடம் பார்த்து வலது கிளிக் செய்து அதன் செட்டிங்ஸுக்குள் போனால், எது தெரிய வேண்டும் எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யலாம். வைரஸ் கார்ட், இணைய இணைப்பு, மொழி, பென் டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றும் சின்னம் ஆகிய நான்கையும் வெளியே விட்டுவிடுங்கள்.

வேகம்தான் வேண்டுமென்றால் வழி வேறு. விண்டோஸ் 10இலோ 11இலோ கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில், கணினியோடு சேர்ந்து விழித்துக்கொள்ளும் நிரல்களின் பட்டியல் இருக்கும். தேவையில்லாததை டிஸேபிள் செய்தால் அடுத்த முறை அது தானாக எழும்பாது. நிரலும் அழியாது, வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம்.

திங்கட்கிழமை வந்தவர்களில் ஒருவருடைய மடிக்கணினியில் இப்படிப் பதினொரு நிரல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஏழு நிரல்களை நிறுத்தினோம். அவற்றில் மூன்று, அவர் எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டருக்கு உரியவை.

அடுத்த ஞாயிறு இந்தத் திருத்தத்தையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுவீர்களானால் நல்லது. அந்தத் துண்டை வெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர் ஒருவர்,
செங்கலடி.